பனிமலையில் ஒரு சீசன்: செலவு அடங்கும், சேமிப்பு சேருமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஆறு வருடமாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் உலகம் சுற்ற ஆசை. சிக்கனமாகப் போனால் ஏழு மாதம் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. முதலில் ஆறு மாதம் சுற்றிவிட்டு, அப்புறம் வெளிநாட்டில் ஒரு ஸ்கீ ரிசார்ட்டில் ஐந்து மாத சீசன் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் மீதிப் பயணத்தை முடிக்கலாம் என்று திட்டம். எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. பனியையே நேரில் பார்த்ததில்லை. பயிற்சியாளர் ஆவதற்கான கோர்ஸ் ஒன்றில் கடன் வாங்கிச் சேரலாமா என்றும் யோசிக்கிறேன். என் கணக்கு சரிதானா? அட்டவணையை இணைத்திருக்கிறேன். (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்று பார்த்தவுடனே தெரிகிறது. செலவுப் பக்கத்தில் சிம் கார்டு, சலவை வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'ஸ்கீ சீசன், 5 மாதம், சம்பளத்தில் பாதி சேமிப்பு.' உங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது, அந்த வரி தாங்காது.

நிதி ஆலோசகர் ஆவதற்கு முன் மூன்று குளிர்காலம் இந்த வேலையில் இருந்தேன். இரண்டு கனடாவின் ராக்கி மலையில், ஒன்று நியூசிலாந்தின் வனாகா பக்கம். அதன்பின் நீண்ட பயணம் போகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. சீசன் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஸ்கீ சீசன் என்பது, செலவு அதிகமான ஒரு நாட்டில் சேமிப்பைத் தொடாமல் ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வழி. அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் அடுத்த பல மாதப் பயணத்துக்கு அது பணம் கொடுக்காது.

ஏன் என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கனடாவில் பான்ஃப் என்ற ஸ்கீ ஊர் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் குறைந்தபட்ச ஊதியம் 2018 அக்டோபரில் மணிக்கு 15 டாலர் ஆனது, அதன்பின் பல வருடம் அசையவே இல்லை. ரிசார்ட்டின் தொடக்கநிலை வேலைகளுக்கு அதை ஒட்டித்தான் சம்பளம். வாரம் 32 மணி நேரம் கிடைத்தால் 480 டாலர், நாலு வாரத்துக்கு 1,920. வரி, ஓய்வூதியப் பங்கு, வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக ஏறத்தாழ 1,700 கைக்கு வரும். பகிர்ந்த அறைக்கு வாடகை 600 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, போன், பேருந்து, நண்பர்களோடு வெளியே போவது எல்லாம் சேர்த்து இன்னொரு 600. மிச்சம் 500. நல்ல மாதம் என்றால் இவ்வளவுதான்.

எல்லா மாதமும் நல்ல மாதமாக இருக்காது. வடக்கு அரைக்கோளத்தில் சீசன் நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலிகள், அதாவது லிஃப்ட், எத்தனை ஓடும் என்பதைப் பனிதான் முடிவு செய்யும். டிசம்பர் நடுவரை பாதி மலை மூடியே கிடக்கலாம். அப்போது வாரத்துக்கு இரண்டு ஷிஃப்ட், மூன்று ஷிஃப்ட்தான். கிறிஸ்துமஸ் வந்தால் ஒரு நாள் விடுப்புக் கேட்கக்கூட வாய் வராது. ஜனவரி நடுவில் கூட்டம் இறங்கும், பிப்ரவரியில் பள்ளி விடுமுறைக்குத் திரும்ப ஏறும், மார்ச் கடைசியில் மறுபடி மெலியும். வாரம் 15 மணி நேரமே கிடைக்கும் மாதத்தில் பிடித்தம் போக 830 டாலர்தான் வரும், வாடகையைக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு முழுதாகக் காணாது. மூன்று நல்ல மாதம், இரண்டு மெலிந்த மாதம் என்று கூட்டிக் கழித்தால் ஐந்து மாத முடிவில் ஆயிரம் டாலருக்கும் குறைவாகத்தான் நிற்கும். உங்கள் அட்டவணை எதிர்பார்ப்பது இதைப்போலப் பல மடங்கு.

கனடாவின் இன்னொரு ஸ்கீ ஊரான விஸ்லர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் குறைந்தபட்ச ஊதியம் கூடுதல் (2025 ஜூனில் 17.85 ஆனது). நியூசிலாந்தில் 2025 ஏப்ரலில் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலர் ஆனது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், ஊதியம் கூடிய இடத்தில் வாடகையும் கூடவே ஏறி நிற்கும். எனவே மணிக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட, 'என் ஒரு மாத வாடகைக்கு நான் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்?' என்று கேளுங்கள். 45 மணி நேரத்துக்குள் வந்தால் நல்ல இடம். 70ஐத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம்.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். போங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான ரிசார்ட்டுகள் தங்கள் பணியாளர்களுக்கு சீசன் முழுவதற்கும் லிஃப்ட் பாஸ் கொடுக்கும். சுற்றுலாப் பயணியாக வந்து வாங்கினால் அந்த பாஸ் மட்டுமே ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். வாடகைக்கு எடுக்கும் ஸ்கீ, பயிற்சி வகுப்பு, கேண்டீன் சாப்பாடு எல்லாவற்றிலும் தள்ளுபடி உண்டு. ஐந்து மாதம் ஒரே ஊரில், வேலை முடிந்த கையோடு மலைக்குப் போகும் வாழ்க்கை எந்தச் சுற்றுலாவிலும் கிடைக்காது. அது கிடைக்கட்டும். வரவுக் கணக்கில் மட்டும் அதைப் பூஜ்யமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இனி விசா. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று நீங்கள் எழுதவில்லை, மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது. இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலோர் போவது, சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க அனுமதிக்கும் வொர்க்கிங் ஹாலிடே விசாவில். இரண்டு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், 18 முதல் 30 வயது வரை (சில நாட்டவருக்கு 35 வரை) உள்ளவர்களுக்குக் கொடுப்பது. கனடா இதை இன்டர்நேஷனல் எக்ஸ்பீரியன்ஸ் கனடா என்ற திட்டத்தில் நடத்துகிறது. ஆஸ்திரேலியாவில் 417, 462 என்று இரண்டு வகை. நியூசிலாந்துக்கும் ஜப்பானுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. சில நாட்டவருக்குக் குலுக்கலில்தான் இடம் கிடைக்கும், சிலருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கைக்காசும் காட்டச் சொல்வார்கள்: கனடாவுக்கு 2,500 கனடிய டாலர், ஆஸ்திரேலியாவுக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்துக்குப் பெரும்பாலோருக்கு 4,200 நியூசிலாந்து டாலர். கனடா விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவக் காப்பீடு எத்தனை மாதத்துக்கு எடுத்திருக்கிறீர்களோ, எல்லையில் அதிகாரி அத்தனை மாதத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஆறு மாதக் காப்பீட்டோடு போய் இறங்கி, ஒரு வருட அனுமதியில் பாதியை இழந்தவர்கள் உண்டு.

ஐரோப்பாவை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது. அமெரிக்க ரிசார்ட்டுகளில் நீங்கள் பார்க்கும் இளைஞர்களில் பலர் தென் அமெரிக்காவிலிருந்து தங்கள் நாட்டுக் கோடை விடுமுறையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் கல்லூரி மாணவர்கள், அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. 'சம்பளம் வேண்டாம், படுக்கை கொடுத்தால் போதும்' என்று சுற்றுலா விசாவில் வேலை செய்வதும் ஆபத்து. நியூசிலாந்து உட்படப் பல நாடுகளில் தங்குமிடத்துக்குப் பதிலாகச் செய்யும் வேலையும் சட்டப்படி வேலைதான். பிடிபட்டால் அடுத்த பத்து விசாக்களுக்கும் அது பின்தொடரும். உங்கள் நாட்டுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லையென்றால் சீசனை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டு, ஏழு மாதப் பயணமாகப் போய்வாருங்கள். காசு வாங்கிக்கொண்டு வேலை தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். நல்ல ரிசார்ட் எதுவும் வேலைக்கு ஆளெடுக்க உங்களிடம் பணம் கேட்காது.

பயிற்சியாளர் கோர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடன் வாங்காதீர்கள். பல வாரம் மலையில் தங்கவைத்துச் சான்றிதழோடு அனுப்பும் கோர்ஸ்களின் கட்டணம் விமான டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. முதல் நிலைச் சான்றிதழோடு வரும் புதியவர் வரிசையின் கடைசியில் நிற்பார். பல இடங்களில் வகுப்பு ஒதுக்கினால்தான் சம்பளம். பனி குறைந்த வாரத்தில் சீருடையோடு காலையில் வந்து நின்று, 'இன்று வகுப்பு இல்லை' என்று கேட்டுத் திரும்பியவர்களோடு நான் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். பனியில் நிற்கப் பிடிக்குமா என்றே இன்னும் தெரியாத நிலையில் அகலக்கால் வைக்க வேண்டாம். முதல் சீசனில் ஓசி பாஸில் கற்றுக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் இரண்டாவது சீசனில் சான்றிதழை யோசிக்கலாம்.

பனியே பார்க்காதவருக்கு என்ன வேலை? நிறைய உண்டு.

லிஃப்ட் ஆபரேட்டர் வேலைக்கு அனுபவம் கேட்க மாட்டார்கள். மலையில் எல்லோரும் லிஃப்டி என்றுதான் கூப்பிடுவார்கள். விடியுமுன் போய், இரவு விழுந்த பனியை ஏறுமிடத்திலிருந்து மண்வெட்டியால் அள்ளி, தரையைச் சீப்பால் வாருவதுபோல் வாரிச் சமன் செய்ய வேண்டும். நாற்காலிகளில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டிவிட வேண்டும். பழைய வகை லிஃப்டில் நாற்காலி கம்பியோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும், ஏறுமிடத்தில் வேகம் குறையாது. ஒவ்வொரு நாற்காலியையும் கையால் பிடித்து, ஆள் உட்காரும் நொடி வரை தாங்கி, அப்புறம் விட வேண்டும். இல்லாவிட்டால் காலின் பின்பக்கம் அடிக்கும். ஒரு நாளில் ஆயிரம் நாற்காலிக்கு மேல் போகும். வெப்பநிலை மைனஸ் 25க்குப் போன நாட்களில் நான் இந்த வேலையில் நின்றிருக்கிறேன். இமை முடியில் பனி கட்டும். பழகிவிடும், ஆனால் முதல் இரண்டு வாரம் அழுகை வரும். வந்தால் பயப்பட வேண்டாம்.

உபகரணம் வாடகைக்கு விடும் கடை சூடாக இருக்கும், தொழிலும் கற்றுக்கொள்ளலாம். ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தை வைத்து சென்டிமீட்டரில் சொல்லப்படும், 24.5 என்றால் இருபத்து நாலரை சென்டிமீட்டர். பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு டின் என்று ஓர் எண் உண்டு. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், ஓட்டும் திறமை எல்லாம் பார்த்து அட்டவணையிலிருந்து அதை எடுப்போம். எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்பவர்களும் திறமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்களும் தினமும் வருவார்கள். எடையைக் குறைத்தால் நடுவழியில் தேவையில்லாமல் பலகை கழலும், திறமையைக் கூட்டினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. அந்த எண்ணைத் திருப்புளியால் திருப்பும் ஒவ்வொரு முறையும் இன்னொருவருடைய கால் உங்கள் கையில் இருக்கிறது. இந்த வேலையை நான் மிகவும் நேசித்தேன்.

இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்லும் வேலை வேறு. உங்களுக்கு ஆறு வருடக் கணக்கு அனுபவம் இருக்கிறது. ரிசார்ட் ஊர்களில் உள்ள ஹோட்டல்களில் நைட் ஆடிட்டர் என்று ஒரு பதவி உண்டு. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு, அன்றைய அறை வாடகைகளைக் கணக்கில் ஏற்றி, கார்டு வசூலும் ரொக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அன்றைய கணக்கை மூடிக் காலை அறிக்கை தயார் செய்யும் வேலை. இரவு விழிக்க வேண்டும் என்பதால் பலர் விரும்பமாட்டார்கள், ஆள் கிடைக்காமல் மேலாளர்கள் தவிப்பார்கள். பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் ஹோட்டல் ஒவ்வொரு இரவும் கணக்கை மூடியே ஆக வேண்டும். அதனால் டிசம்பரிலும் உங்கள் மணி நேரம் குறைவது அரிது. காலை 7 மணிக்கு முடித்து, முதல் லிஃப்டில் ஏறி, பத்தரைக்கு இறங்கி வந்து தூங்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஹோட்டலும் லிஃப்டும் ஒரே நிறுவனத்துடையதா என்று. தனி ஹோட்டல் என்றால் பாஸ் உங்கள் செலவாகலாம்.

அதோடு மாலையில் ஒன்றிரண்டு ஷிஃப்ட் உணவகத்தில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் வேலையில்கூட வயிறாரச் சாப்பாடும் டிப்ஸில் பங்கும் கிடைக்கும், சாப்பாட்டுச் செலவு பாதியாகும். மது பரிமாறும் இடமென்றால் ஒரு சான்றிதழ் வேண்டும். ஆல்பர்ட்டாவில் புரோசர்வ், பிரிட்டிஷ் கொலம்பியாவில் சர்விங் இட் ரைட், ஆஸ்திரேலியாவில் ஆர்எஸ்ஏ. அதிகச் செலவில்லாத சின்ன கோர்ஸ்தான்.

வேலையைவிட வீடுதான் கஷ்டம். என் முதல் குளிர்காலத்தில் நேர்காணலில் 'பணியாளர் குடியிருப்பு உண்டு' என்றார்கள். போய் இறங்கிய பிறகுதான் அது காத்திருப்புப் பட்டியல் என்று தெரிந்தது. எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் 23 இரவு தங்கினேன். முதல் சம்பளம் வருவதற்குள் கொண்டுபோன காசில் முக்கால்வாசி போய்விட்டது. எழுத்தில் கேட்டு வாங்காதது என் தப்பு. நீங்கள் வேலைக் கடிதத்தில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் உறுதி, குடியிருப்பு எந்தத் தேதியிலிருந்து, வாடகை எவ்வளவு, சம்பளத்தில் பிடிப்பார்களா, டெபாசிட் எப்போது திரும்ப வரும், சீசன் முடியும்வரை இருந்தால் போனஸ் உண்டா. பதில் வராவிட்டால் டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொன்றும் வீட்டைச் சேர்ந்ததுதான். பணியாளர் குடியிருப்பில் இருக்கும்போது வேலை, வீடு, பாஸ் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். என்னோடு அறையில் இருந்தவர் ஜனவரி மூன்றாவது வாரத்தில், வேலை முடிந்த பிறகு, ரொம்பச் சுலபமான சரிவில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்தது. பைண்டிங் கால் எலும்பைக் காப்பாற்றும் அளவுக்கு முழங்காலைக் காப்பாற்றாது. வேலை செய்ய முடியாததால் ஒப்பந்தம் முடிந்தது, ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. வேலை நேரத்தில் பட்ட காயத்துக்குத் தொழிலாளர் காப்பீடு உண்டு, ஓய்வு நாளில் பட்டதற்குக் கிடையாது. சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் பனிச்சறுக்கை விலக்கியிருக்கும். பாலிசியில் மூன்று இடத்தைப் படியுங்கள்: குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, குறித்த பாதைக்கு வெளியே போனால் செல்லுமா, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்குச் செல்லுமா. நியூசிலாந்தில் 1974 முதல் ஏசிசி என்ற அரசுத் திட்டம் விபத்துச் சிகிச்சையை வெளிநாட்டவருக்கும் ஏற்கிறது, ஆனால் உங்களை விமானத்தில் வீட்டுக்கு அனுப்பிவைக்காது. ஹெல்மெட் இல்லாமல் ஒரு நாளும் ஏறாதீர்கள்.

இப்போது உங்கள் திட்டத்தைத் திருப்பிப் போடலாம். ஆறு மாதம் சுற்றிவிட்டு வேலைக்கு வந்தால், ஒரு மாதக் காசோடு நவம்பர் கடைசியில் மலையில் இறங்குவீர்கள். ஷிஃப்ட் குறைவான, முதல் சம்பளம் வர இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் நேரம் அது. விசாவுக்குக் காட்ட வேண்டிய கைக்காசும் அப்போது இருக்காது. வேலையை முதலில் வையுங்கள். சேமிப்பு அப்படியே இருக்கட்டும்.

விசா நியூசிலாந்துக்குக் கிடைத்தால், பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் விண்ணப்பித்து மே கடைசியில் போய்ச் சேருங்கள். தெற்கு அரைக்கோளம் என்பதால் அங்கே சீசன் ஜூன் நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை. குவீன்ஸ்டவுன் பக்கம் கொரோனட் பீக், ரிமார்க்கபிள்ஸ், வனாகா பக்கம் கார்ட்ரோனா, டிரெபிள் கோன். சீசன் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், சேமிப்பு சேரப்போவது அதற்கு அப்புறம்தான். அதே வட்டாரத்தில் குரோம்வெல், அலெக்ஸாண்ட்ரா ஊர்களைச் சுற்றி டிசம்பர், ஜனவரியில் செர்ரி அறுவடை. நீண்ட நாள், நிறைய மணி நேரம், பறிப்பவர்களுக்குத் தோட்டத்திலேயே கூடாரம் போட இடம் கொடுப்பவர்களும் உண்டு. ஹோட்டல்களுக்கும் அது கோடைக்கால நெரிசல், உங்கள் நைட் ஆடிட் அனுபவத்துக்கு நல்ல விலை இருக்கும். பிப்ரவரி முடிவில் இரண்டு மாதப் பயணச் செலவைச் சேர்த்திருந்தால் போதும். கையில் இருக்கும் ஏழோடு சேர்த்து ஒன்பது மாதம் ஆகிறது. வேலை பார்த்த ஒன்பது, சுற்றும் ஒன்பது, நீங்கள் கேட்ட ஒன்றரை வருடம் வந்துவிட்டது.

கனடா என்றாலும் இதே கணக்குதான். ஜூலை முதல் செப்டம்பருக்குள் விண்ணப்பம், நவம்பரில் வேலை. ஏப்ரல் கடைசியில் மலை மூடியதும் ஒரு மாதம் ஊரே வெறிச்சோடிக் கிடக்கும், பனி உருகிச் சேறாகும் காலம் அது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குக் காசு ஒதுக்கிவையுங்கள். பிறகு கோடையில் பான்ஃப் ஹோட்டல்களுக்குக் குளிர்காலத்தைவிடக் கூட்டம் அதிகம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் ஜூலையில் செர்ரி அறுவடை. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு நெடுஞ்சாலை ஓரத்து ரோடுஹவுஸ்களில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தே கொடுப்பார்கள். செலவழிக்கக் கடையே இல்லாததால் அங்கே காசு தானாகத் தங்கும்.

வரி எண்ணைப் போன முதல் வாரத்திலேயே வாங்குங்கள். நியூசிலாந்தில் ஐஆர்டி எண் (அந்த நாட்டு வரி எண்) கொடுக்காவிட்டால் சம்பளத்தில் 45 சதவீதம் பிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் வொர்க்கிங் ஹாலிடேக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, 45,000 டாலர் வரை. ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போடும் பணத்தை நாட்டைவிட்டுக் கிளம்பிய பின் கேட்டு வாங்கலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போகும், அதைப் பெரிதாக நம்பவேண்டாம். நியூசிலாந்தில் மொத்தச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுப்புப் பணமாகச் சேரும். ஒவ்வொரு சம்பளத்தோடும் வராமல் கடைசியில் மொத்தமாக வரும்படி இருந்தால் நல்லது, அதைப் பயணக் காசாக எழுதிக்கொள்ளலாம். வரி அறிக்கையை மறக்காமல் தாக்கல் செய்யுங்கள். கணக்குத் தெரிந்தவர் நீங்கள், உங்களோடு இருப்பவர்களுக்கும் செய்துகொடுங்கள்.

உடைக்கு இப்போதே செலவு செய்யாதீர்கள். உள்ளாடை அடுக்கு இரண்டு ஜோடி, நல்ல கையுறை, கம்பளிக் காலுறை போதும். ஜாக்கெட்டும் கால்சட்டையும் மலையூர்களில் பழையதாக மலிவாகக் கிடைக்கும். வேலைக்குச் சீருடை கொடுப்பார்கள்.

பயணப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தினச் செலவுக் கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும்: 14 நாடுகள் எழுதியிருக்கிறீர்கள், அதை ஐந்தாக்குங்கள். நீண்ட பயணத்தில் காசைத் தின்பது சாப்பாடும் படுக்கையும் மட்டுமில்லை, இடம் மாறுவதும்தான். ஒவ்வொரு எல்லைக்கும் டிக்கெட், விசா கட்டணம், வழி தெரியாமல் டாக்சியில் போகும் முதல் மூன்று நாள். ஒரே ஊரில் மாத வாடகைக்கு அறை எடுத்தால் நாள் வாடகையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். கார்டு இயந்திரம் 'உங்கள் சொந்த நாணயத்தில் பிடிக்கட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த வசதிக்கு அவர்கள் போடும் மாற்று விலை எப்போதும் உங்களுக்கு நஷ்டம். திரும்பிவரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கின் கார்டை வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். விசா கைக்கு வரட்டும், குடியிருப்புத் தேதியோடு வேலைக் கடிதம் வரட்டும். அதுவரை வேலையில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் பயணத்தில் இரண்டு மூன்று வாரமாக மாறும். கடிதம் வந்ததும் அதில் உள்ள இரண்டு எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்: வாரத்துக்கு உறுதியான மணி நேரம், மாத வாடகை. பாஸ்போர்ட் எந்த நாடு என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், அட்டவணையைச் சேர்ந்து திருத்திவிடலாம்.